மானாமதுரையில் திறந்த பெட்டி

மானாமதுரையில் கடம் வாங்க வருகிறவர்கள் கண்ணை மட்டும் நம்பமாட்டார்கள். விரலை மடக்கிக் கடத்தின் வயிற்றில் தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார்கள். சுட்ட மண்ணுக்குள் மயிரிழைக் கீறல் இருந்தாலும் நாதம் கம்மிவிடும். மேற்பூச்சு எவ்வளவு பளபளத்தாலும் தேர்ந்த காது ஏமாறாது.

காரைக்குடிக்குத் தெற்கே, வைகைக் கரையில் இருக்கும் அந்த ஊரின் ரயில் நிலையத்தில் 1952 ஆகஸ்ட் 29 அன்று ஒரு டிரங்குப் பெட்டி திறக்கப்பட்டது. போட் மெயில் என்று மக்கள் அழைத்த இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸில் வந்த பெட்டி அது. சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கே கப்பலேறினால் தலைமன்னார். இலங்கைக்குக் கொண்டுவிக்கப் போன நகரத்தார் நன்கு அறிந்த வழி. அந்த ரயிலில் பெட்டி இல்லாத பயணியைத்தான் தேட வேண்டும். இருக்கைக்கு அடியில் கிடந்த இன்னொரு பெட்டியை யார் கவனிக்கப் போகிறார்கள்?

காட்டிக்கொடுத்தது நாற்றம். உடலின் புரதங்கள் அழுகும்போது பியூட்ரசின், கடாவரின் என்ற இரு சேர்மங்கள் உருவாகின்றன. 1885இல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் பிரீகர் இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். மிகச் சிறிய அளவிலேயே மனித மூக்கு இவற்றை உணர்ந்துவிடும். ஆகஸ்ட் வெக்கையில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் இந்த வேதிவினை வேகமெடுத்தது. பயணிகள் முறையிட்டார்கள், போலீசார் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத ஓர் ஆண் உடல்.

அந்த நேரத்தில் போலீசார் கையில் என்ன இருந்தது? கொலையைக் கண்ணால் கண்ட சாட்சி இல்லை. இறந்தவர் யார் என்று தெரியாது. எந்த ஊரில் இறந்தார் என்பதும் தெரியாது. இந்த வெறுமையிலிருந்து ஒரு வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை எப்படிப் போய்ச் சேர்ந்தது? இந்த அத்தியாயம் அதைப் பற்றியதுதான்.

வளவில் ஈரம்

சட்டம் சாட்சியத்தை இரண்டாகப் பார்க்கிறது. "அவர் குத்தியதை நான் பார்த்தேன்" என்றால் அது நேரடிச் சாட்சியம். குத்தியதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் சுற்றியிருக்கும் உண்மைகளிலிருந்து அதை ஊகித்து அறிய முடிகிறது என்றால் அது சூழ்நிலைச் சாட்சியம். சந்தர்ப்ப சாட்சியம் என்றும் சொல்வார்கள்.

ஊகம் என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் இதை நாம் தினமும் செய்கிறோம். செட்டிநாட்டு வீடு ஒன்றில் காலையில் கண் விழித்து வருகிறீர்கள். வளவின் திறந்த முற்றத்தில் ஈரம். இரவில் மழை பெய்திருக்கிறது என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். வேலைக்கு வந்தவர் விடியற்காலையில் முற்றத்தைக் கழுவிவிட்டிருக்கலாம். எனவே அண்ணாந்து பார்க்கிறீர்கள். ஓட்டு விளிம்பில் நீர் சொட்டுகிறது. வாசலுக்குப் போகிறீர்கள், தெரு நனைந்திருக்கிறது. எதிர்வீட்டுத் திண்ணைப் படியிலும் ஈரம். முற்றம் கழுவுகிறவர் ஓட்டையும் தெருவையும் எதிர்வீட்டையும் கழுவமாட்டார். இப்போது "மழை பெய்தது" என்று நிச்சயமாகச் சொல்லலாம். மழையை ஒருவரும் பார்க்கவில்லை என்றாலும்.

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். மழைக்கு ஆதரவாகச் சான்றுகளைக் குவித்ததால் மட்டும் நீங்கள் முடிவுக்கு வரவில்லை. "கழுவிவிட்டார்கள்" என்ற மாற்று விளக்கத்துக்கு இடமில்லாமல் செய்தீர்கள். சூழ்நிலைச் சாட்சியத்தின் உயிர்நாடி இதுதான். எத்தனை சான்று என்பதைவிட, எந்த மாற்று வழியை அது அடைத்தது என்பதே முக்கியம்.

இறந்தவர் யார்?

பெட்டி திறக்கப்பட்டதற்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 28 அன்று, சென்னையில் ஆளவந்தார் என்பவர் வீடு திரும்பவில்லை. வயது 42. முன்பு ராணுவத்தில் பணி செய்தவர். பிறகு சைனா பஜாரில் ஜெம் அண்டு கோ பேனாக் கடையில் விற்பனையாளர். தேவகி என்ற பெண்ணோடு அவருக்கு முன்பு பழக்கம் இருந்தது. தேவகி பின்னர் பிரபாகர மேனன் என்பவரை மணந்து ராயபுரத்தில் குடியிருந்தார். கணவரைக் காணோம் என்று ஆளவந்தாரின் மனைவி தேட, தேடல் ராயபுரம் வீட்டுக்குப் போனது. வீடு பூட்டியிருந்தது. ராயபுரம் கடற்கரை மணலில் சட்டையில் சுற்றிப் புதைத்த ஒரு தலை கிடைத்தது.

காணாமல் போனவர் சென்னையில். உடல் நானூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மானாமதுரையில். இரண்டும் ஒன்று என்று காட்டாமல் வழக்கு ஓர் அடியும் நகராது. சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவப் பேராசிரியர் சி.பி. கோபாலகிருஷ்ணன் முன்னே உடலும் தலையும் வந்தன.

இப்படிப்பட்ட உடலிலிருந்து ஓர் ஆளை எப்படி மீட்டெடுக்கிறார்கள்? முதலில் வயது. காறை எலும்பின் உட்பக்க முனை இருபதுகளின் நடுவிலோ கடைசியிலோதான் முழுமையாக ஒட்டும். இடுப்பெலும்புகள் இரண்டும் முன்னே சந்திக்கும் பரப்பு இளம் வயதில் உழுத வயல்போல மேடும் பள்ளமுமாக இருக்கும். வயது ஏற ஏற அது மட்டமாகும். இந்த மாற்றத்தைப் படிப்படியாக வகைப்படுத்தி 1920இல் வெளியிட்டவர் டி. விங்கேட் டாட்.

அடுத்து உயரம். தலை இல்லாவிட்டாலும் தொடை எலும்பு உயரத்தைச் சொல்லும். பெட்டி திறந்த அதே 1952இல் அமெரிக்காவில் மில்ட்ரெட் டிராட்டர், கோல்டின் கிளெசர் என்ற இரு பெண் அறிஞர்கள் போரில் இறந்த வீரர்களின் எலும்புகளை அளந்து ஒரு சூத்திரம் தந்தார்கள். வெள்ளையர் ஆண்களுக்கு: தொடை எலும்பின் நீளத்தை 2.38ஆல் பெருக்கி, 61.41 கூட்டினால் சென்டிமீட்டரில் உயரம். 44 செ.மீ. எலும்பு என்றால் 166 செ.மீ. ஆனால் சுமார் 3.3 செ.மீ. கூடலாம், குறையலாம். வேறு மக்கள்கூட்டத்துக்கு வேறு எண்கள் வேண்டும். அமெரிக்க வீரர்களின் சூத்திரத்தைத் தமிழர் எலும்பின்மேல் அப்படியே போட்டால் விடை பிசகும். அளவோடு பிழை வரம்பையும் சேர்த்துச் சொல்பவரே நேர்மையான நிபுணர்.

மூன்றாவது, உடலில் இருக்கும் தனி அடையாளம். ஆளவந்தாரின் மனைவி காதைப் பார்த்துச் சொன்னார். ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்த பல்லைப் பார்த்துச் சொன்னார். காதில் துளை இருந்தது என்பது நம் நாட்டில் பெரிய செய்தியாகாது. காது குத்தாத பிள்ளை அன்று எத்தனை பேர்? ஒரே காதில் இரண்டு துளை இருந்ததுதான் செய்தி. ஓர் அடையாளத்தின் மதிப்பு அது எவ்வளவு அரிது என்பதில் இருக்கிறது. அரிதா என்பதை அந்த மண்ணின் வழக்கம் அறிந்தவரே சொல்ல முடியும்.

நான்காவதாகக் கைரேகை. அழுகிய உடலில் விரலின் மேல்தோல் தளர்ந்து உறைபோலக் கழன்று வரும். நிபுணர் அதைப் பதமாக எடுத்துக் கழுவி, கையுறை போட்ட தன் சொந்த விரலில் மாட்டிக்கொள்வார். மையில் தொட்டு, காகிதத்தில் மெதுவாக உருட்டுவார். இறந்தவரின் ரேகை உயிரோடிருப்பவரின் விரலில் ஏறிக் காகிதத்தில் பதியும். ரேகை கருவிலேயே, பிறப்பதற்குப் பல மாதம் முன்பே அமைந்துவிடுகிறது. அதன் வேர் தோலின் அடியடுக்கில் இருப்பதால் மேல்தோல் கழன்ற பிறகும் வடிவம் மாறாது. பெட்டியில் இருந்தவரின் விரல்ரேகை, ஆளவந்தாரின் ராணுவப் பணிப் பதிவிலிருந்த ரேகையோடு பொருந்தியது. முதல் கேள்விக்கு விடை கிடைத்தது.

தொட்டவரெல்லாம் கொன்றவரல்லர்

"இறந்தவர் யார்" என்பது ஒரு கேள்வி. "கொன்றவர் யார்" என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டால் நீதி சறுக்கும்.

கைரேகைத் துறையில் இந்தியாவுக்குத் தனி வரலாறு உண்டு. கல்கத்தாவில் 1897இல் கைரேகைப் பிரிவு தொடங்கியது. அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்களின் உழைப்பால் வகைப்பாட்டு முறை உருவானது. அடுத்த ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. ஜல்பைகுரி தேயிலைத் தோட்டத்தில் மேலாளர் கழுத்தறுபட்டுக் கிடந்தார், பணம் காணோம். அங்கிருந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றில் மங்கலான விரல்தடம். முன்பு தண்டனை பெற்ற பழைய வேலையாள் ஒருவரின் ரேகையோடு அது பொருந்தியது. நீதிமன்றம் என்ன செய்தது? திருட்டுக்குத் தண்டித்தது, கொலைக்குத் தண்டிக்கவில்லை. பஞ்சாங்கத்தைத் தொட்டார் என்று விரல்தடம் காட்டியது. கத்தியைப் பிடித்தார் என்று அது காட்டவில்லை. அறிவியல் சொன்ன அளவுக்கு மட்டுமே நீதிமன்றம் அதைக் கேட்டது. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழிந்தும் இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

இதே அளவுகோலை மற்றச் சான்றுகளுக்கும் வைக்க வேண்டும். "கடைசியாக இருவரையும் ஒன்றாகப் பார்த்தேன்" என்று ஒரு சாட்சி சொன்னால், அப்படிப் பார்த்த நேரத்துக்கும் இறந்த நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று கேட்க வேண்டும். அரை மணி நேரம் என்றால் மூன்றாம் ஆள் நுழைய வாய்ப்பு குறைவு. இரண்டு நாள் என்றால் அந்தச் சாட்சியம் வலுவிழக்கும். தலைமறைவானது சந்தேகத்தைத் தூண்டும்; ஆனால் குற்றமே செய்யாதவரும் போலீசுக்குப் பயந்து ஓடுவதுண்டு என்பதால் ஓடியதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. மேனனும் தேவகியும் பம்பாய்க்குப் போய்விட்டார்கள், அங்கேதான் பிடிபட்டார்கள். அந்தச் செயல் மற்றவற்றோடு சேரும்போதுதான் பொருள் பெறும்.

பெட்டிக்கும் ஒரு வாழ்க்கை உண்டு. யாரோ அதைக் கடையில் வாங்கியிருக்க வேண்டும்; ஒரு வண்டியில் ஏற்றியிருக்க வேண்டும்; உள்ளே ஓர் ஆள் உடல் இருந்தால் தனி ஒருவர் அதைத் தூக்கி ரயிலில் வைப்பது கடினம். 1937இல் புரி ரயில் நிலையத்தில் இதேபோல ஓர் இரும்புப் பெட்டியில் துண்டாக்கிய உடல் கிடைத்தபோதும் பெட்டி கைமாறிய வழியைப் பின்னோக்கித் தேடித்தான் போலீசார் போனார்கள். பக்கால நாராயணசாமி வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருப்பது அதுதான். உடலை மறைக்கும் ஒவ்வொரு வேலைக்கும் இன்னொருவர் உதவி தேவைப்படுகிறது. உதவிய ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ ஒரு சாட்சியாகிறார்.

பெருக்கலில் இருக்கும் ஆபத்து

பல சான்றுகள் சேர்ந்தால் வலிமை பெருகும் என்பது உண்மை. எவ்வளவு பெருகும்? கணக்குக்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். நாற்பதுகளில் இருப்பவர் ஆண்களில் 10இல் ஒருவர். குறிப்பிட்ட உயரம் உள்ளவர் 5இல் ஒருவர். ஒரு காதில் இரட்டைத் துளை 200இல் ஒருவர். மூன்றையும் பெருக்கினால் 10,000இல் ஒருவர். பதினாயிரத்தில் ஒருவர் என்றதும் "அப்படியானால் இவரேதான்" என்று மனம் துள்ளும்.

நிறுத்துங்கள். 1951 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை ஏறத்தாழ 14 லட்சம். ஆண்கள் 7 லட்சம் என்று வையுங்கள். 10,000இல் ஒருவர் என்றால் அந்த நகரில் மட்டும் 70 பேர் பொருந்துவார்கள். "இந்த அடையாளம் அரிது" என்பதும் "இவர்தான் அவர்" என்பதும் ஒன்றல்ல. அந்த எழுபது பேரில் ஆகஸ்ட் 28 முதல் காணாமல் போனவர் எத்தனை பேர் என்று கேட்கும்போதுதான் வட்டம் சுருங்குகிறது. கைரேகை வந்தபிறகுதான் அது மூடுகிறது.

பெருக்குவதற்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. சான்றுகள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே டீக்கடைப் பேச்சைக் கேட்டுவிட்டு மூன்று பேர் வந்து சாட்சி சொன்னால் அது மூன்று சாட்சியாகாது, ஒன்றுதான். இந்த நிபந்தனையை மறந்ததால் இங்கிலாந்தில் ஒரு தாயின் வாழ்க்கை சிதைந்தது. சாலி கிளார்க்கின் இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. ஒரு குடும்பத்தில் காரணம் தெரியாத தொட்டில் மரணம் 8,543இல் ஒன்று என்று எடுத்துக்கொண்ட குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஒருவர், அதை அதனாலேயே பெருக்கி, இரண்டு மரணம் நேர 7 கோடியே 30 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் அந்தத் தாய் கொலைகாரியாகச் சிறை சென்றார். ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே மரபணு. முதல் மரணத்துக்கு வழிவகுத்தது இரண்டாவதுக்கும் வழிவகுத்திருக்கலாமே? பெருக்கியதே தவறு என்று அரச புள்ளியியல் கழகம் எடுத்துக் கூறியது. 2003இல் அவர் விடுதலையானார். நான்கே ஆண்டுகளில் இறந்துபோனார். கணக்கில் விழுந்த ஒரு பிழை ஓர் உயிரைக் குடித்தது.

ஐந்து தட்டு

நம் உச்ச நீதிமன்றம் இந்த ஆபத்தை முன்பே உணர்ந்திருந்தது. மானாமதுரையில் பெட்டி திறந்து நான்கு வாரம்கூட ஆகவில்லை. 1952 செப்டம்பர் 23 அன்று ஹனுமந்த் நர்குண்ட்கர் வழக்கில் நீதிபதி மெஹர் சந்த் மகாஜன் எழுதிய தீர்ப்பு வெளிவந்தது. அது கொலை வழக்குகூட இல்லை. ஆனால் சூழ்நிலைச் சாட்சியத்தை எப்படி எடைபோட வேண்டும் என்று அது சொன்னதே இன்றுவரை அடிப்படை. 1984இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் நீதிபதி முர்தசா ஃபசல் அலி அதை ஐந்து விதிகளாக வகுத்தார். கடத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு வழக்கையும் ஐந்து இடத்தில் தட்டிப் பார்க்கச் சொல்கிறார்.

ஒன்று, ஒவ்வொரு சூழ்நிலையும் தன்னளவில் முழுமையாக நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். "இருக்கலாம்" என்பது போதாது, "இருந்தே தீரும்" என்ற இடத்துக்கு வர வேண்டும். இரண்டு, நிரூபிக்கப்பட்ட உண்மைகள், குற்றம் சாட்டப்பட்டவரே குற்றவாளி என்பதோடு மட்டுமே பொருந்த வேண்டும். மூன்று, அவை முடிவானவையாக, ஐயத்துக்கு இடம்தராத தன்மையோடு இருக்க வேண்டும். நான்கு, நிரூபிக்க வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லா விளக்கங்களையும் விலக்க வேண்டும். ஐந்து, கண்ணிகள் விடுபடாத முழுச் சங்கிலி வேண்டும். இவர் நிரபராதியாக இருக்கலாம் என்று நியாயமாக நினைக்க எங்கும் இடம் இருக்கக்கூடாது.

சர்தா வழக்கில் இளம் மனைவி சயனைடால் இறந்திருந்தார். தற்கொலையாக இருக்கலாம் என்ற விளக்கத்தை அரசுத் தரப்பால் அடைக்க முடியவில்லை. தூக்குத் தண்டனை பெற்றிருந்த கணவர் விடுதலையானார். வளவின் ஈரத்துக்கு "கழுவிவிட்டார்கள்" என்ற விளக்கம் மிச்சமிருந்தால் மழை என்று தீர்ப்பெழுத முடியாது.

சங்கிலியா, வடமா என்று சட்ட அறிஞர்கள் நெடுநாளாக வாதிடுகிறார்கள். சூழ்நிலைச் சாட்சியம் பல இழைகள் முறுக்கிய வடம் போன்றது. ஓர் இழை தாங்காததைப் பல இழை தாங்கும் என்று 1866இலேயே இங்கிலாந்து நீதிபதி பொல்லாக் கூறினார். என் பார்வையில் இரண்டும் வேண்டும். "இறந்தவர் ஆளவந்தார்" என்ற ஒரு கண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளே வயது, காது, பல், ரேகை என்று பல இழைகள்; தேர்வடம்போல ஒன்றுக்கொன்று தோள்கொடுக்கின்றன. ஆனால் "இறந்தவர் இவர்", "இது கொலை", "செய்தவர் இவர்" என்ற கண்ணிகள் சங்கிலி. இதில் ஒன்று அறுந்தால் மற்றது எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயனில்லை. முதல் கண்ணியின் வலிமையைக் காட்டி மூன்றாவதின் பலவீனத்தை மறைப்பதுதான் பல வழக்குகளில் நேரும் தவறு.

தீர்ப்பும் வாசகரும்

ஆளவந்தார் வழக்கை நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச அய்யர் விசாரித்தார். அரசுத் தரப்பில் கோவிந்த் சுவாமிநாதன் வாதாடினார். 1953 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: மேனனுக்கு 7 ஆண்டு கடுங்காவல், தேவகிக்கு 3 ஆண்டு. கொலைக்குற்றத்துக்குச் சட்டம் தரும் குறைந்தபட்சத் தண்டனை ஆயுள் சிறை. ஏழு ஆண்டு என்பதே, செய்தவர் யார் என்பதோடு எந்த நிலையில் செய்தார் என்பதையும் நீதிமன்றம் எடைபோட்டது என்று சொல்கிறது. தடயம் கையைக் காட்டும். மனத்தைப் படிப்பது நீதிபதியின் வேலையாகவே இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. மரபணுச் சோதனை, கண்காணிப்பு கேமரா, செல்போன் கோபுரப் பதிவு எல்லாம் வந்துவிட்டன. தட்டிப் பார்க்க வேண்டிய அந்த ஐந்து இடங்கள் மட்டும் மாறவில்லை.

இதைப் படிக்கும் உங்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் தெருவில் ஒரு மரணம் நடந்தால் உள்ளே போகாதீர்கள், எதையும் தொடாதீர்கள், படமெடுத்துப் பரப்பாதீர்கள். பத்துப் பேர் காலடி பட்டால் ஒரு நிரபராதியைக் காப்பாற்றியிருக்கக்கூடிய தடயமும் அழியும். ஒருநாள் சாட்சிக் கூண்டில் ஏற நேர்ந்தால், பார்த்ததைப் பார்த்த அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். கேள்விப்பட்டதைச் சேர்க்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.